மரமேறுற கதிரை

என்ர வயசுக்காரியளே, முழங்கால் நோகுதெண்டு போற இடமெல்லாம் கதிரை தேடித் திரியிற ஆக்களே, இதைக் கேளுங்கோ. கோயிலிலை பிளாஸ்டிக் கதிரையிலை இருந்திருப்பியள். ஆசுப்பத்திரியிலை சில்லுக் கதிரையிலை இருந்திருப்பியள். நான் போன வருஷம் இலை கொட்டத் தொடங்கின நேரம் மரத்திலை ஏறுற கதிரையிலை இருந்தனான். உங்களிலை ஆருக்கும் அந்தக் குடுப்பினை இல்லை.

ஏறுற எண்டால் அது தானா ஏறாது. ஆள்தான் ஏறோணும். ரெண்டு துண்டு. மேல் துண்டு குந்தியிருக்க, கீழ்த் துண்டு கால் வைக்க. ரெண்டும் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். முதல்லை மேல் துண்டைக் கையாலை தூக்கி வைக்கோணும், பேந்து கீழ்த் துண்டைக் காலாலை இழுத்து எடுக்கோணும். மசுக்குட்டிப் புழு ஏறுற மாதிரி. அப்பிடி ஏறிப்போய் மேலை குந்திக்கொண்டு, மான் வருமோ வராதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறது. இதைத்தான் எங்கட மருமோன் வேண்ட வெளிக்கிட்டவர்.

மருமோனுக்கு ஜான்-டலோன் சந்தையிலை மரக்கறி இறக்கிற வேலை. அங்கை அவரோட நிண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவன் அதுக்கு முந்தின வருஷம் இவரை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். மான் ஒண்டும் விழேல்லை. மருமோன்தான் விழுந்திட்டார். வந்த நாள் துவக்கம் காடு, காடு எண்டு ஒரே கதை. இந்த முறை கிழவனுக்கு இடுப்பிலை ஒப்பரேசன். கிழவன் வராட்டில் என்ன, அவன்ர காணியிலை நான் தனியப் போய் இருக்கிறன் எண்டு நிண்டார். வகுப்புக்குப் போய்ச் சோதினை எழுதி லைசென்சும் எடுத்திட்டார். ஏறி இருக்கத்தான் ஒண்டும் இல்லை.

மோள் என்னைக் குசினிக்குள்ளை வைச்சுப் பிடிச்சா.

"அம்மா, நீங்களும் அவரோட கடைக்குப் போங்கோ. நான் சொன்னால் கேக்கமாட்டார். நீங்கள் மறியுங்கோ."

"நான் என்னெண்டு மறிக்கிறது? காருக்கு முன்னாலை படுக்கவோ?"

"பகிடி விடாதேங்கோ. உந்தக் குளிருக்கை மரத்தாலை விழுந்து காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பாக்கிறது?"

"நான்தான். பகலிலை இந்த வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்?"

அவ கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினா. வேலைக்கு நேரம் போட்டுது.

உங்களுக்குத் தெரியும்தானே, இப்ப மோளோட நான் இருக்கிற பியர்பொன்ட்ஸ். முந்தி நான் பார்க் எக்ஸ்டென்ஷனிலை இருக்கேக்கை படியாலை இறங்கினால் சனம். கறிவேப்பிலை வேண்டப் போனாலும் நாலு பேரின்ர குடும்பக் கதையோட திரும்பி வருவன். இஞ்சை வளவு இருக்கு, புல்லு இருக்கு, கராஜ் இருக்கு, மனிசர் இல்லை. பஸ்ஸுக்கு நிண்டால் பஸ் வர முதல் வயசு போயிடும். விடிய எல்லாரும் வெளிக்கிட்டாப் பிறகு பிரிஜ்ஜும் நானும்தான். அது அப்பப்ப ஒரு உறுமல் உறுமும். நானும் "ஓம், ஓம்" எண்டுவன். அதாலை கடைக்குப் போங்கோ எண்டு சொன்னதே எனக்குத் திருவிழா மாதிரி. மறிக்கிறதோ, மறிக்காததோ, பேந்து பாப்பம் எண்டு வெளிக்கிட்டன்.

பெரிய றோட்டுக் கரையிலை ஒரு வேட்டைச் சாமான் கடை. வாசல்லை மான் தலையள் வரிசையாச் சுவரிலை.

"தம்பி, இவை சாமான் வேண்ட வந்தவையோ, வித்தவையோ?" எண்டு கேட்டன். மருமோன் சிரிக்கேல்லை. அவருக்கு அது கோயில் மாதிரி. செருப்பைக் கழட்டாத குறைதான்.

கழுத்து வரைக்கும் பச்சை குத்தின வெள்ளைப் பெடிச்சி ஒண்டு வந்து பொன்ஜூர் எண்டா. நானும் பொன்ஜூர் எண்டன். என்ர பிரெஞ்சு அதோட முடிஞ்சுது. மிச்சத்தை மருமோன் பாத்துக்கொண்டார், இடைக்கிடை எனக்கும் தமிழிலை சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைக்கு நடுவிலை உண்மையான மரக்குத்தி ஒண்டை நட்டு, அதிலை ஒரு கதிரையைக் கொழுவி வைச்சிருந்தினம், நிலத்திலை இருந்து ஒரு முழம் உயரத்திலை. பக்கத்திலை ரெண்டு சாதிக் கதிரை. ஒண்டு பாரமில்லை. ஒரு கையாலை தூக்கலாம், முன்பக்கம் வெறுமை. மற்றது பாரம், ஆனால் முன்னாலையும் கம்பி சுத்தி வரும், வேலி அடைச்ச மாதிரி. மருமோன் ஒவ்வொண்டாத் தூக்கினார், முதுகிலை போட்டுப் பாத்தார், காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டிப் பாத்தார். கிறீச்செண்டு ஒரு சத்தம் கேட்டாலும் மான் நிக்காதாம். மரம் நேரா இருக்கோணுமாம், கொப்பு இருக்கப்படாதாம், பட்டை வழுக்கப்படாதாம் எண்டு பெடிச்சி சொன்னா. எங்கட ஐயா, என்னைப் பெத்தவர், எண்டால் அப்பிடி ஒரு மரத்தைத் திரும்பியும் பாத்திருக்கமாட்டார். அவருக்குக் கொப்பு ரெண்டாப் பிரியிற கவர் வேணும்.

எனக்குக் கால் உளைஞ்சுது. கடையிலை வேறை கதிரை இல்லை. போய் அந்த மரக் கதிரையிலை ஏறி இருந்திட்டன்.

மருமோனுக்கு வெக்கமாப் போச்சு. பெடிச்சிக்குச் சந்தோஷம். ஓடிப்போய் ஒரு வார்ப்பட்டியை எடுத்துக்கொண்டு வந்து, என்ர குளிர்க் கோட்டுக்கு மேலாலை நெஞ்சிலையும் இடுப்பிலையும் பூட்டி, பின்னாலை மரத்தோட கொழுவினா. கொழுவிப்போட்டு, சரியோ எண்டு ஒருக்கா இழுத்துப் பாத்தா.

அந்த இழுவையோட என்ர வாய் நிண்டுபோச்சு.

"மாமி? என்ன செய்யுது? தண்ணி வேணுமோ?" மருமோன் பயந்துபோனார். பாவம், கலியாணம் கட்டின நாள் துவக்கம் அவர் என்ர வாய் மூடினதைக் கண்டதில்லை.

முந்தியும் ஒரு ஆள் என்னை மரத்தோட கட்டிப்போட்டு, சரியோ எண்டு இப்பிடித்தான் இழுத்துப் பாத்தது. எங்கட ஐயா.

எனக்கு அப்ப பல்லு விழுற வயசு. இப்பவும் அந்த வயசுதான் எண்டு வையுங்கோவன். யாழ்ப்பாணத்திலை எங்களுக்குக் காணி இல்லை. வன்னியிலை காடு வெட்டினால் காணி கிடைக்குமெண்டு ஐயா அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். அந்தக் கோடையிலை அம்மாவுக்கு வயிறு பெருத்துப்போச்சு, பிள்ளைப்பெறுவுக்குத் தாய் வீட்டுக்கு, யாழ்ப்பாணத்துக்குப் போட்டா. என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஐயாவுக்கு உலை வைக்க ஒரு ஆள் வேணுமெண்டு விட்டிட்டுப் போனவ. நான் வைச்ச சோத்தைத் திண்ட காகம் மற்றக் காகத்தைக் கூப்பிடேல்லை. அந்தளவு ருசி.

பகல் முழுக்க ஐயாவுக்குக் காடு வெட்டு. வெயில் சாய, மருந்து இடிச்சு வெடிக்கிற இடியன் துவக்கைத் தூக்குவார். பாலைப்பழக் காலம். மந்தி மேலை இருந்து பழத்தைத் திண்டு திண்டு போட, மான் கீழை நிண்டு பொறுக்கும். அதுக்கு மேலை எங்கையோ பரண் கட்டி வைச்சுக்கொண்டு ஐயா குந்தியிருப்பார். என்னை என்ன செய்யிறது? யானை திரியிற இடம், கொட்டிலிலை தனிய விடேலாது. தன்னோட கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது, ஏனெண்டால் என்ர வாய். அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழியைக் கேளுங்கோ. கொட்டிலுக்குப் பக்கத்து முதிரை மரத்திலை நல்ல கவரொண்டு பாத்து, கம்பு அடுக்கிக் கொடியாலை வரிஞ்சு, எனக்கெண்டு ஒரு சின்னப் பரண் கட்டினார். பாலையிலை கட்டேல்லை. பாலைப்பழத்துக்குக் கரடி ஏறுமாம்.

ஒவ்வொரு பின்னேரமும் என்னை ஏத்தி, அம்மாவின்ர பழஞ்சீலையை இடுப்பிலை சுத்தி மரத்தோட கட்டி, ஒருக்கா இழுத்துப் பாப்பார். பால்மாப் பேணியிலை தண்ணி, ஒரு துண்டுப் பனங்கட்டி. பேந்து தான் இறங்கி, ஏணியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்தைக்குள்ளை போட்டிடுவார். நான் கட்டை அவிட்டுக்கொண்டு இறங்கிப்போடுவன் எண்டு பயம்.

கூடாத மனிசன் இல்லை. என்னிலை ஒரு நாளும் கை வைச்சதில்லை. பெட்டையைப் பத்திரமா வைச்சிருக்கிறன் எண்டுதான் நினைச்சவர். வீட்டிலை தயிர்ச் சட்டியைப் பூனைக்கு எட்டாமல் உறியிலை வைக்கிறமெல்லே, அப்பிடி. உறியிலை இருக்கிற தயிருக்குப் பொழுது போகுதோ எண்டு ஆர் கேட்டது?

மந்தியளுக்குப் பள்ளிக்கூடம் வைச்சன். நான் படிச்சதே ரெண்டாம் வகுப்பு, அவை கொஞ்ச நாளிலை என்னைத் தாண்டிப் போட்டினம். பாலைப்பழம் திண்டு சொண்டு ரெண்டும் பால் பிடிச்சு ஒட்டிக்கொள்ளும், அதை உரிக்கிறதே ஒரு வேலை. அதுவும் முடிஞ்சால் சீலைத் தலைப்பை மூக்கோட வைச்சுக்கொண்டு இருப்பன். அடுப்புப் புகையும் தேங்காயெண்ணெயும் கலந்த அம்மாவின்ர மணம். நாள் போகப் போக அது குறைஞ்சு, கடைசியிலை என்ர வேர்வைதான் மணத்துது. சில நாள் "அம்மா!" எண்டு கூப்பிட்டுப் பாப்பன். காடு திருப்பிச் சொல்லும் எண்டு சொல்லுவினமெல்லே? பொய். மரமெல்லாம் அதைக் குடிச்சுப்போட்டுச் சும்மா நிண்டுது.

எங்கை போறியள் எண்டு மட்டும் ஐயாவிட்டைக் கேக்கப்படாது. உங்கட வீடுகளிலையும் அதுதானே சட்டம்? வெளிக்கிடுற ஆளிட்டை எங்கை எண்டு கேட்டால் போற காரியம் கெட்டுப்போகும். அதுவும் துவக்கோட போற ஆளிட்டைக் கேட்டால் ஆளுக்கே கூடாது. பின்னாலை கூப்பிடவும் படாது. அம்மா எனக்கு நடை பழக்கேக்கையே இதையும் பழக்கிப்போட்டா. ஐயாவும் தானாச் சொல்லமாட்டார். "உதிலை போட்டு வாறன்" எண்டுவார், இந்தா கிட்டத்திலைதான் எண்ட மாதிரி. எங்கட ஆம்பிளையள் சந்திக்குப் போனாலும் உதிலை, கொழும்புக்குப் போனாலும் உதிலை. கப்பலேறிப் போனவையும் உதிலை எண்டுதான் போனவை.

"மாமி, இவ சொல்லுறா," எண்டு மருமோன் என்ர தோளைத் தொட்டார். நான் வாரோட இருந்தபடியே திரும்பிப் பாத்தன். "ரெண்டு துண்டையும் ஒரு கயித்தாலை தொடுத்து வைக்கோணுமாம். இல்லாட்டில் கீழ்த் துண்டு கழண்டு விழுந்திடுமாம், நாங்கள் மேலை மாட்டுப்பட்டுப் போடுவமாம்."

"வேறை என்ன சொல்லுறா?"

"போக முதல், எந்தக் காடு, எந்த மரம் எண்டு வீட்டிலை சொல்லிப்போட்டுப் போகோணுமாம்." அவர் சிரிச்சார். "எங்கட வீட்டிலை ஆர் கேக்கப்போகினம்?"

அதைப் பெடிச்சிக்கும் பிரெஞ்சிலை சொன்னார். அவ சிரிக்கேல்லை.

அந்தக் கோடை முழுக்க ஐயாவுக்கு ஒரு மானும் அம்பிடேல்லை. காடு வெட்ட வாற ஆக்கள், "உம்மட துவக்கு சுருட்டுப் பத்தவைக்கத்தான் சரி" எண்டு நக்கல் அடிப்பினம். அம்மா பிள்ளையோட வரேக்கை தேனிலை ஊறின மான் வத்தல் ஒரு போத்தில் இருக்கோணும் எண்டு அவருக்கு ஒரு பிடிவாதம். தேன் எடுத்து வைச்சாச்சு. மான்தான் வேணும்.

ஒரு பின்னேரம், நான் பரணிலை இருக்கேக்கை, றோட்டிலை மரம் ஏத்தின லொறி ஒண்டு நிண்டது. கிளீனர் இறங்கி ஓடி வந்தான்.

"பெட்டை! ஐயா எங்கை?"

"உதிலை போட்டார்."

"உதிலை எண்டால் எங்கை?"

"தெரியாது."

"எந்தப் பக்கம் போனவர்?"

"தெரியாது. கேக்கப்படாது."

அவன் தலையிலை கை வைச்சான். சந்தித் தபால் கந்தோருக்கு யாழ்ப்பாணத்திலை இருந்து சேதி வந்ததாம். யாழ்ப்பாணம் போற லொறிதானே, போற வழியிலை ஆளை ஏத்திக்கொண்டு போ எண்டு சொல்லிவிட்டவையாம்.

கையைக் குவிச்சு நாலு பக்கமும் கூப்பிட்டுப் பாத்தான். பேந்து றோட்டுக்கு ஓடிப்போய் ஹோணை அடிச்சான். நீட்டி, நீட்டி அடிச்சான். மந்தியெல்லாம் ஓடிட்டுது. ஐயா எந்தப் பக்கத்தாலை வருவார் எண்டு நானும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தன். ஒரு பக்கத்தாலையும் வரேல்லை. பொழுதுபடப் போகுதெண்டு டிறைவர் அங்கை நிண்டு கத்தினான். கிளீனர் திரும்பி வந்து மரத்துக்குக் கீழை நிண்டான். என்னை இறக்கவோ எண்டு கேட்டான். ஐயா பேசுவார் எண்டன்.

"பிள்ளை, ஐயா வந்த உடனை சொல்லு, என்ன? அம்மாவுக்குக் கடுமையாம். ஆசுப்பத்திரியிலையாம். உடனை வரட்டாம். மறந்துபோடாதை."

மறக்கிறதோ? லொறிச் சத்தம் தேஞ்சு போய், எங்கையோ ஒரு வெடி கேட்டு அடங்கின பிறகும் அதையே வாய்க்குள்ளை சொல்லிக்கொண்டிருந்தன். அம்மாவுக்குக் கடுமையாம், உடனை வரட்டாம். அந்தக் கோடையிலை நான் வாய் ஓயாமல் எவ்வளவு கதைச்சிருப்பன், மந்தியோட, எறும்போட. அண்டைக்குத்தான் உண்மையாச் சொல்ல ஒரு கதை கிடைச்சுது. ஆளில்லை.

மைமல் பட்டு இருளுற நேரம் ஐயாவின்ர குரல் கேட்டது. ஆளைக் காண முதலே குரல். தோளிலை புள்ளிமான், அதின்ர தலை அவற்ற முதுகிலை ஆடுது.

"பிள்ளை! கேட்டனியோ? எந்தப் பேயனோ றோட்டிலை நிண்டு ஹோண் அடிச்சான்! அந்தச் சத்தத்துக்கு மான் வெருண்டு நேரை என்ர மரத்தடிக்கு வந்து நிண்டுதடி! அவன் நல்லா இருக்கோணும்!"

அவர் சிரிச்சதை அந்தக் கோடையிலை அண்டைக்குத்தான் கண்டன். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் எண்டு ஒரு எண்ணம் வந்துது. ஆனால் உடனை எண்டெல்லே சொன்னவன்.

"ஐயா, அந்த ஹோண் உங்களுக்குத்தான் அடிச்சவை" எண்டன்.

மானைத் தோளிலை வைச்சபடியே நிண்டு கேட்டார். திருப்பிச் சொல்லு எண்டார். சொன்னன். பேந்து மானை விழுத்திப்போட்டு, ஏணியை மறந்துபோய், மரத்தைக் கட்டிப்பிடிச்சு ஏறி வந்தார். சீலை முடிச்சு அவருக்கு அவிழேல்லை. தான் போட்ட முடிச்சு. கடைசியிலை கத்தியாலை அறுத்தார்.

அவற்ற பரண் எங்கை இருந்ததெண்டு கனகாலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கட கொட்டிலுக்குப் பின்னாலை, மான் தண்ணி குடிக்க வாற மோட்டைக் கரையிலை. கிளீனர் ஓடிப்போயிருந்தால் ஒரு வாய் வெத்திலை சப்பி முடிய முதல் ஆளைப் பிடிச்சிருப்பான்.

அடுத்த நாள் விடியத்தான் பஸ். நாங்கள் போய்ச்சேர அம்மாவும் இல்லை, பிள்ளையும் இல்லை.

செத்த வீட்டிலை மாமி ஒருத்தி என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விசாரிச்சா. "ஐயா துவக்கோட வெளிக்கிடேக்கை எங்கை போறியள் எண்டு கேட்டனியோடி?" இல்லை எண்டன். "பின்னாலை கூப்பிட்டனியோ?" இல்லை எண்டன். "கெட்டிக்காரி" எண்டு என்ர தலையைத் தடவிவிட்டா.

அந்த அறுத்த சீலையையும் அம்மாவின்ர மற்றச் சீலையளோட பொட்டளி கட்டி, துணி வெளுக்கிற கட்டாடியாருக்குக் குடுத்துப்போட்டினம். வழமை அதுதானே. அது என்னுடையது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நானும் சொல்லேல்லை. ஐயா அதுக்குப் பிறகு துவக்கைத் தொடேல்லை, காட்டுக்கும் திரும்பிப் போகேல்லை. ஹோண் சத்தம் கேட்டால் மட்டும், எங்கை நிண்டாலும் வாசலுக்கு வந்து பாப்பார். பேப்பர்காரனாயிருந்தாலும் சரி, மீன்காரனாயிருந்தாலும் சரி.

"மாமி, இறங்குங்கோ, வீட்டை போவம்" எண்டார் மருமோன். எனக்குச் சீனி இறங்கிப்போச்செண்டு நினைச்சிட்டார்.

"சாமான் வேண்டாமலோ? எதை எடுக்கப் போறியள்?"

"பாரமில்லாததை."

"முன்னுக்குக் கம்பி உள்ளதை எடுங்கோ."

"அது பாரம், மாமி. காட்டுக்குள்ளை தூரம் சுமக்கோணும்."

"சுமவுங்கோ. உங்களுக்கு விடியக்காலமை வேலை செய்து பழக்கம், கொஞ்சம் சும்மா இருந்தால் நித்திரை தூங்குவியள். எனக்குத் தெரியாதோ? கோயிலிலை தேவாரம் முடிய முதல் குறட்டை விடுற ஆளெல்லே."

பெடிச்சிக்குத் தமிழ் விளங்கேல்லை. ஆனால் நான் கையை நீட்டின கதிரையைப் பாத்துத் தலையை ஆட்டினா. மருமோன் அதைத்தான் எடுத்தார். வார்ப்பட்டியும், தொடுக்கிற கயிறும் சேத்து.

கதிரையோட வீட்டை போக, மோள் குதிச்சா. "மறிக்கச் சொல்லி விட்டால் தெரிஞ்செடுத்துக் குடுத்திட்டெல்லே வாறா, உந்த மனிசி!"

ஒரு சனிக்கிழமை விடிய மருமோன் வெளிக்கிட்டார். செம்மஞ்சள் கோட்டும் தொப்பியும் போட்டு, ஒரு பெரிய தோடம்பழம் மாதிரி. முதுகிலை கதிரை, கையிலை துவக்குப் பை. கதவைத் திறந்துகொண்டு, "உதிலை போட்டு வாறன், மாமி" எண்டார்.

நான் வாசலுக்குக் குறுக்காலை போய் நிண்டன்.

"எங்கை போறியள், தம்பி?"

"அம்மா!" மோள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையிலை டக்கெண்டு வைச்சா. "வெளிக்கிடுற ஆளிட்டை… உங்களுக்கு என்ன விசரே?"

"எங்கை போறியள்?" எண்டு திருப்பியும் கேட்டன். என்ர ஆயுசிலை முதல் தரம் ஒரு ஆம்பிளையிட்டை அதைக் கேக்கிறன்.

மருமோன் மோளைப் பாத்தார், என்னைப் பாத்தார். பேந்து முதுகிலை இருந்த கதிரையை இறக்கி வைச்சார். ஆத்துப் பாலம் தாண்டி வடக்கை போற றோட்டு எண்டார். கிழவன்ர களஞ்சியத்தடியிலை காரை விடுவாராம். களஞ்சியத்துக்குப் பின்னாலை ஒரு சின்ன ஓடை, ஓடை வளையிற இடத்திலை நேரா நிக்கிற ஒரு மேப்பிள் மரம். எந்தக் கரையிலை எண்டு கேட்டன். அங்காலைக் கரை எண்டார். இருள முதல் இறங்கிடுவன் எண்டார். கிழவன்ர ரெலிபோன் நம்பரைக் பிரிஜ்ஜுக் கதவிலை எழுதி ஒட்டச் சொல்லி மோளிட்டைச் சொன்னார். இவ்வளவு கதையை அந்த மனிசன் என்னோட ஒரேயடியாக் கதைச்சது அண்டைக்குத்தான். ஏன் எண்டு அவரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.

மோளும் வேலைக்குப் போட்டா. பகல் முழுக்க யன்னலடியிலை நான் தனிய. முத்தத்திலை பனித்தூறல். நான் அந்த ஓடையைக் கண்டதில்லை, ஆனால் அதின்ர வளைவிலை மரத்தை நட்டு, அதிலை ஆளை ஏத்தி, முன்னாலை கம்பியையும் போட்டு, இருளுமட்டும் பாத்துக்கொண்டே இருந்தன்.

இருட்டுப்பட, காரின்ர வெளிச்சம் சுவரிலை விழுந்துது. மருமோன் மூக்குச் சிவக்க, வெறுங்கையோட வந்தார்.

"பாத்தியளே," எண்டா மோள், "நீங்கள் எங்கை எண்டு கேட்டதாலைதான்."

"ஓமடி, நான் கேட்டதாலைதான்" எண்டு சொல்லி, அவருக்குச் சோத்தைப் போட்டன்.